‘அவர் மெசேஜ் வந்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது’

வாசகர் கேள்விகளுக்கு ஆலோசகர்கள் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. திருமணமாகி 11 வருடங்கள் ஆகின்றன. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கணவர் நல்லவர்தான், ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. ஆனால் வேலை முடிந்து வந்தால் சாப்பாடு, செல்போன், தூக்கம். ‘ஃபீஸ் கட்டியாச்சா’, ‘கரண்ட் பில் வந்துச்சா’ என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சே இல்லை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு குடும்ப விசேஷத்தில் அம்மா வழியில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தேன். ‘நீ நல்லா பாடுவியே, இப்பவும் பாடுறியா?’ என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நம்பர் வாங்கிக்கொண்டோம். அன்றிலிருந்து தினமும் மெசேஜ். தப்பாக ஒரு வார்த்தை இதுவரை இல்லை. ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறேன், இப்போது அதுவே உறுத்துகிறது. அவர் மெசேஜ் வந்தால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. படித்தவுடன் அழித்துவிடுகிறேன். போன வாரம் இரண்டு நாள் அவர் பதில் போடவில்லை. காரணமே இல்லாமல் சின்னவளை அடித்துவிட்டேன். அவருக்கும் மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள். இது காதலா? அவரை பிளாக் பண்ணிவிடவா? கணவரிடம் சொல்லிவிடவா?

பதில்: ‘இது காதலா?’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இன்றைக்கு அதற்கு விடை கிடைத்தாலும் உங்கள் வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை. போகிறபோக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: ‘இப்பவும் பாடுறியா?’ அவர் உங்கள் அழகைப் புகழவில்லை, அனுதாபப்படவும் இல்லை. மனைவியாகவும் அம்மாவாகவும் ஆவதற்கு முன்பு இருந்த பெண்ணை ஞாபகம் வைத்திருந்து விசாரித்தார். பதினொரு வருடமாக அந்தப் பெண்ணை வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. தொண்டை அடைத்தது அதனால்தான்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் தனிமை எப்படி வரும் என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருப்பீர்கள். வரும். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பழக ஆட்கள் இல்லாத தனிமை ஒன்று. மனதைத் திறந்து பேச ஒரே ஒரு ஆள்கூட இல்லாத தனிமை இன்னொன்று. முதலாவதுக்கு அக்கம்பக்கமும் சொந்தபந்தமும் மருந்தாகும். இரண்டாவது, கூட்டத்துக்கு நடுவிலும் அப்படியே இருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை. அதனால் ‘நாலு பேரோட பழகு, எல்லாம் சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் அது பாதிதான் பலிக்கும்.

அந்த மனிதர் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறார்? தூரம்தான் முக்கியக் காரணம். எழுத்தில் மட்டுமே பழகும்போது இருவரும் தங்கள் நல்ல முகத்தை மட்டும் காட்ட முடிகிறது. எழுதி, அழித்து, யோசித்து, மறுபடி எழுதி அனுப்பலாம். எதிர்ப்பக்கம் தெரியாத இடங்களை நாமே நல்லதாக நிரப்பிக்கொள்கிறோம். ஜோசஃப் வால்தர் என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1996-ல் இதை விளக்கினார். நேரில் பழகுவதைவிடவும் எழுத்தில் பழகும்போது நெருக்கம் கூடுதலாகத் தோன்றக்கூடும் என்பது அவர் கண்டது. கணவரை நீங்கள் களைப்போடும் குறட்டையோடும் மாதக் கடைசிக் கவலையோடும் பார்க்கிறீர்கள். அந்த மனிதரையோ, ஒரு நாளின் மிக நல்ல இருபது நிமிடத்தில் மட்டும் பார்க்கிறீர்கள். இது நியாயமான போட்டியே இல்லை. அவர் மனைவிக்கும் அவரிடம் ‘கரண்ட் பில்’ பேச்சுதான் கிடைக்கிறதோ என்னவோ.

அடுத்தது காத்திருப்பு. தினமும் சரியாக ஒன்பது மணிக்கு மெசேஜ் வரும் என்றால் மனம் இவ்வளவு தவிக்காது. வருமா வராதா என்ற நிச்சயமின்மைதான் பிடித்து ஆட்டுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் உயிர்கள் விடாமல் முயற்சி செய்கின்றன என்பது அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து தெரிந்த விஷயம். அந்த இரண்டு நாள் மௌனத்தில் நீங்கள் பட்ட பாட்டை வைத்து ‘இவ்வளவு ஆழமான அன்பா’ என்று அளக்காதீர்கள். அந்தத் தவிப்பில் பெரும்பங்கு நிச்சயமின்மையின் வேலை. சின்னவளிடம் மட்டும் இன்றைக்கே ‘அம்மா உன்னை அடிச்சது தப்பு, நீ ஒண்ணும் பண்ணல’ என்று சொல்லிவிடுங்கள். தன்னால்தான் அம்மாவுக்குக் கோபம் என்று குழந்தைகள் முடிவு கட்டிவிடும்.

இனி செய்ய வேண்டியது. ஒரு பழைய நோட்டு எடுங்கள். 14 நாட்களுக்கு, அவருக்கு மெசேஜ் அனுப்பத் தோன்றும் ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, அதற்குப் பத்து நிமிடம் முன்பு வீட்டில் என்ன நடந்தது, என்ன சொல்ல நினைத்தீர்கள், ஒரு மணி நேரம் கழித்து மனநிலை எப்படி இருந்தது. பலர் இங்கே சறுக்குவார்கள். நோட்டு முழுக்க அவரைப் பற்றியே எழுதிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த ‘பத்து நிமிடம் முன்பு’ பகுதிதான். இரண்டு வாரத்தில் ஏதோ ஓர் ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். பிள்ளைகள் கிளம்பிப் போன பிறகு வீடு சட்டென்று அமைதியாகும் நேரம், இரவு கணவர் போனோடு திரும்பிப் படுத்துக்கொள்ளும் நேரம் என்று இரண்டு மூன்று இடங்களில்தான் அனேகமாக எல்லாப் பதிவும் விழும். ஆளைப் பற்றிய ஏக்கம் மட்டும் என்றால் நாள் முழுக்கப் பரவியிருக்கும். குறிப்பிட்ட நேரங்களில் குவிந்திருந்தால், அந்த நேரங்கள்தான் காலியாக இருக்கின்றன. நோட்டு உங்கள் கண்ணில் மட்டும் படட்டும். வேலை முடிந்ததும் கிழித்துவிடலாம்.

பிளாக் செய்வதா? உங்கள் நிலையில் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒன்றை நினைக்காதே என்று மனதுக்குக் கட்டளை போட்டால் அது அதையேதான் சுற்றும். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-ல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் அதை மறுபடி மறுபடி நினைத்தார்கள். தடையை எடுத்த பிறகு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். திடீரென பிளாக் செய்தவர்கள் பத்து நாளில் அன்பிளாக் செய்து, முன்பைவிடச் சூடாகப் பேசத் தொடங்குவது சகஜம். படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரம், அவர் பெயருக்கு மட்டும் நோட்டிஃபிகேஷனை நிறுத்துங்கள். நீங்களாகத் திறந்து பார்த்தால்தான் தெரிய வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல் பதில் இல்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் வீட்டில் யாராவது இருக்கும்போது. அவரிடம் இப்படிச் சொன்னால் போதும்: ‘அண்ணா, இனிமே ராத்திரியில போன் பாக்கறதில்லன்னு இருக்கேன். பதில் லேட்டானா தப்பா நினைக்காதீங்க. ஒரு நாள் எல்லாரும் வீட்ல இருக்கறப்ப கூப்பிடறேன், அண்ணிகிட்டயும் பேசணும்.’ இதற்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். ‘சரிம்மா’ என்று விட்டால் நல்ல மனிதர். ‘ஏன், என்ன ஆச்சு, நான் என்ன தப்பு பண்ணினேன்’ என்று துளைத்தாலோ, அண்ணியிடம் பேச வேண்டாம் என்று தட்டிக்கழித்தாலோ, அங்கேயும் ஏதோ வளர்ந்திருக்கிறது. தப்பான பேச்சு, மிரட்டல், போட்டோ கேட்பது என்று போனால் மட்டும் யோசிக்காமல் பிளாக் செய்யுங்கள்.

இடைப்பட்ட காலத்தில் இரண்டு கட்டுப்பாடுகள் போதும். கணவரின் குறையை அந்த உறவினருக்கு எழுதாதீர்கள். எழுதும்போது பாரம் இறங்கிய மாதிரி இருக்கும். ஆனால் கணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே ஆறிப்போய்விடும், வீட்டில் எதுவும் மாறாது. அழிக்க வேண்டியிருக்கும் எதையும் எழுதாதீர்கள். எந்த வரியை அழிக்கத் தோன்றுகிறதோ, அந்த வரியில் எல்லை தாண்டுகிறீர்கள். ‘அண்ணா’ என்று கூப்பிடுவதால் அந்த எல்லை தானாக வந்துவிடாது. கூப்பிட்டுக்கொண்டே இப்படி ஆகிவிட்டதே என்று உங்களைக் கூசிக்கொள்ளவும் வேண்டாம்.

காலியான நேரத்தை முதலில் நிரப்புங்கள், குறைப்பது பிறகு. வரிசை மாறினால் தோற்கும். பாட்டிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு 20 நிமிடம் பாடுங்கள். முதல் வாரம் குரல் ஒத்துழைக்காது, மூச்சு பாதியில் நிற்கும். வருடக்கணக்கில் பாடாத குரல் அப்படித்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து, சேர்ந்து பாடும் ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள். தோழி உடனே கிடைத்துவிட மாட்டாள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரமும், நல்ல நண்பராக சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருந்தது. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் முதல் படிக்கே ஆறு மாதம். நாலு வாரம் போய்விட்டு ‘யாரும் ஒட்டவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

கணவரிடம் பேசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. அவர் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்காதீர்கள், படுக்கையிலும் வேண்டாம். விடுமுறை நாளில், இருவரும் சாப்பிட்டு முடித்த பிறகு, போன்கள் வேறு அறையில் இருக்கும்போது பேசுங்கள். தம்பதிகளின் சண்டையைப் படம் பிடித்து ஆராய்ந்த ஜான் காட்மன் குழுவினர், முதல் மூன்று நிமிடம் போகும் தினுசிலேயே அந்த உறவின் போக்கு பெரும்பாலும் தெரிந்துவிடுவதாக 1999-ல் எழுதினார்கள். ஆகவே ‘நீங்க எப்பவுமே’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘எனக்கு உங்களோட பேசணும்போல இருக்கு. தினமும் ராத்திரி இருபது நிமிஷம், பில்லு, ஸ்கூல் இல்லாம வேற ஏதாவது பேசலாமா?’ என்று கேளுங்கள். என்ன வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. முதல் வாரம் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது, சங்கடமாக இருக்கும். ‘இன்னிக்கு உங்களுக்கு எரிச்சலா இருந்தது எது?’ போல ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அவரைப் பல வருடமாக விசாரிக்கவில்லை என்பது அப்போது தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொரு விஷயம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையை நீண்ட காலம் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, அதைப் பசி, தாகம் போன்ற ஓர் எச்சரிக்கை என்றார். தனிமையில் உழலும் மனம் அடுத்தவர் முகத்தில் நிராகரிப்பையே தேடும் என்பதையும் அவர் குழு காட்டியது. கணவர் ‘ம்’ என்று சொன்னால் ‘என்னைப் பிடிக்கவில்லை’ என்று உங்கள் மனம் மொழிபெயர்க்கும். அப்போதெல்லாம் வேறு காரணங்களை யோசித்துப் பாருங்கள்: களைப்பு, ஆபீஸ் கவலை, பாதி தூக்கம். 2011-ல் அந்தக் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்களோடு பழக வைப்பதைவிட இந்த மாதிரித் தவறான கணிப்புகளைத் திருத்திய பயிற்சிகள்தான் கூடுதல் பலன் தந்திருந்தன.

அந்த உறவினரைப் பற்றிக் கணவரிடம் சொல்லலாமா? பாவமன்னிப்பு கேட்கும் தொனியில் எல்லாவற்றையும் கொட்டுவது உங்கள் நெஞ்சை லேசாக்கும், அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒளித்துவைப்பதும் வேண்டாம். ‘அந்த விசேஷத்துல பாத்த அண்ணாகூட அப்பப்ப பேசறேன்’ என்று சாதாரணமாகச் சொல்லி, அவர் முன்னாலேயே ஒரு தடவை போனில் பேசுங்கள். வெளிச்சத்துக்கு வந்தால் பாதி மயக்கம் தெளியும். பின்னால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கை நீட்டும், மிரட்டும் கணவர் என்றால் கணக்கே வேறு. அப்போது உங்கள் பாதுகாப்புதான் முதலில், ஆலோசகர் ஒருவரிடம் பேசிய பிறகே வீட்டில் வாய் திறக்க வேண்டும்.

இப்போது ‘காதலா?’ ஒருவரைப் பற்றிய நினைப்பு ஓயாமல் வருவது, அவர் பதிலுக்கேற்ப மனம் ஏறி இறங்குவது, அவர் குறையே கண்ணில் படாதது ஆகியவற்றைச் சேர்த்து டாரதி டென்னோவ் என்ற உளவியலாளர் 1979-ல் ‘லிமரன்ஸ்’ என்று பெயரிட்டார். பெரும்பாலும் 18 மாதம் முதல் மூன்று வருடம் வரை நீடிக்கும் என்பது அவர் கணிப்பு. உங்கள் எட்டு மாதம் அதன் உச்சமாக இருக்கலாம். உச்சத்தில் நின்று வாழ்க்கை முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ சரியில்லாமல் போனாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மனைவிக்குத் தனிமையாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்கிறாள்.

பதில்: ‘தனிமையா இருக்கா?’ என்று கேட்டால் பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லே கூச்சம் தரும். அதனால் ஆய்வாளர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1978-ல் உருவான 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை, 2004-ல் மூன்று கேள்விகளாகச் சுருக்கினார்கள். துணைக்கு ஆளில்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது? ஒதுக்கிவைக்கப்பட்டதாக எத்தனை தடவை தோன்றுகிறது? மற்றவர்களிடமிருந்து விலகி நிற்பதாக எத்தனை தடவை தோன்றுகிறது? எப்போதாவது என்றால் 1, சில சமயம் 2, அடிக்கடி 3. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல, பேச்சைத் தொடங்க ஒரு வழி. முதலில் நீங்கள் உங்கள் விடையைச் சொல்லுங்கள், பிறகு அவரிடம் கேளுங்கள். பரீட்சை வைப்பதுபோல் கேட்டால் மறுபடி ‘ஒண்ணுமில்ல’தான் வரும்.

கேள்வி: நான் 26 வயது இளைஞன், வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அப்பா, அம்மா இருவரும் அதிகம் பேசமாட்டார்கள். என் தாத்தாவின் அண்ணன் வழிப் பேத்தி ஒருத்தி, வயது 25. குடும்ப குரூப்பில் ஆரம்பித்து இப்போது தனியாகவும் பேசுகிறோம். இருவருக்கும் வேறு யாரும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. இது வீட்டில் அடைந்து கிடப்பதால் வந்த பிடிப்பா, உண்மையா? ஒரே ரத்தம் என்பதால் பிற்காலத்தில் குழந்தைகளுக்குப் பிரச்சினை வருமா?

பதில்: முதல் சந்தேகம் நியாயமானது. அதைத் தீர்க்க, உங்கள் நாளில் அவளைத் தவிர வேறு மனிதக் குரல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் என்றால், இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாளாவது வெளியே ஆட்களோடு இருக்கும் இடத்தில் வேலை செய்யுங்கள், விளையாடுங்கள், ஏதாவது வகுப்புக்குப் போங்கள். அவளோடு பேசுவதையும் குறைக்க வேண்டாம். நாள் நிறைந்த பிறகும் அவளிடம் சொல்ல விஷயம் மிஞ்சுகிறதென்றால் அது தனிமையின் வேலை மட்டுமல்ல. நேரிலும் குறைந்தது நாலைந்து தடவை பாருங்கள், அதில் ஒரு தடவையாவது இருவரும் ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்வதாக இருக்கட்டும். எரிச்சல், அவசரம், ஏமாற்றம் வரும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை மெசேஜில் பார்க்கவே முடியாது.

சொல்வது என்றால் நேரில், சின்னதாக, அவள் மறுக்க வழி வைத்துச் சொல்லுங்கள். ‘எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. உனக்கு அப்படித் தோணலைன்னா பரவாயில்ல, சொந்தம்ங்கற முறையில எப்பவும்போல இருப்போம். யோசிச்சு சொல்லு.’ சொந்தத்துக்குள் மறுப்பது வெளியாளை மறுப்பதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு விசேஷத்திலும் முகம் பார்க்க வேண்டும், பெரியவர்கள் காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அதனால் அவள் பதில் சொல்லும்வரை மூன்றாவது ஆள் யாருக்கும் தெரியக்கூடாது. மழுப்பலான பதிலை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்த உறவுக் கணக்கு இது. தாத்தாவின் அண்ணன் வழிப் பேத்தி என்றால், உங்கள் இருவருக்கும் பொதுவானவர்கள் ஒரு கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி. மரபணுவில் சராசரியாக 32-ல் ஒரு பங்கு, அதாவது 3 சதவீதம் சொச்சம் பொதுவாக இருக்கும். நேரடியாக அண்ணன், தங்கை பெற்ற பிள்ளைகளுக்குள் அது 8-ல் ஒரு பங்கு, 12.5 சதவீதம். அப்படி நெருங்கிய ஜோடிகளுக்கே, எல்லாத் தம்பதிகளுக்கும் இருக்கும் இரண்டு மூன்று சதவீத அபாயத்துக்கு மேல் கூடுதலாக 1.7 முதல் 2.8 சதவீதம் வரை என்று 2002-ல் அமெரிக்க மரபணு ஆலோசகர்கள் கணித்தார்கள். உங்கள் உறவில் அதைவிடக் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு ஒரு இடத்தில் பொய்த்துப்போகும்: தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே திருமணம் நடந்திருந்தால், பெயரளவில் தூரத்து உறவானாலும் மரபணு அளவில் நெருக்கம் கூடியிருக்கும். ஆகவே பெரியவர்களிடம் கேட்டு நாலு தலைமுறைக்குக் குடும்ப வரைபடம் போடுங்கள். யார் யாரை மணந்தார்கள், சிறு வயதில் இறந்த குழந்தைகள், பிறவியிலேயே காது கேளாமை, ரத்தச் சோகை நோய்கள், வளர்ச்சிக் குறைபாடு எதையும் விடாதீர்கள். ‘அதெல்லாம் எதுக்கு’ என்று மூடி மறைப்பது வழக்கம், பொறுமையாகக் கேளுங்கள். அந்த வரைபடத்தோடு மரபணு ஆலோசகரைப் பார்த்தால் எந்தச் சோதனை வேண்டும் என்று சொல்வார். நீங்கள் வாழும் நாட்டின் திருமணச் சட்டம் இந்த உறவை அனுமதிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. எங்களோடுதான் இருக்கிறார். எங்களிடம் நாலு வார்த்தை பேசமாட்டார். ஆனால் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்மணியோடு தினமும் ஒரு மணி நேரம் போனில் சிரித்துப் பேசுகிறார். அந்தப் பெண்மணியின் மகன் படிப்புக்குப் பணமும் அனுப்பியிருக்கிறார். என் மனைவிக்குக் கோபம், எனக்கு அவமானமாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்துவதற்கு முன், அப்பாவுக்குக் காது சோதித்து எவ்வளவு நாளாகிறது? இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வயதில் காது மங்கும்போது முதலில் போவது கூர்மையான ஒலிகள். ச, த, ஃப போன்ற ஒலிகள் நழுவும். சத்தம் கேட்கும், சொல் புரியாது. டிவி ஓடும் கூடத்தில் நாலு பேர் ஒருவர் மேல் ஒருவர் பேசினால் ஒன்றும் பிடிபடாது. திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். போனிலோ ஒரே ஒரு குரல், காதுக்குப் பக்கத்தில், குறுக்கே யாரும் இல்லை. உங்களோடு பேசாத அப்பா அங்கே சிரித்துப் பேசுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் பதில் வருவதில்லையா, பெண்கள், குழந்தைகள் குரல்தான் அதிகம் தவறுகிறதா என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு காது மருத்துவரிடம் போங்கள். முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிறகு ஒலிச் சோதனை. கருவி வாங்கினால் ஒரு வாரத்தில் டிராயருக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. முதல் நாளே முழுநேரம் போட வைப்பது அதற்கு ஒரு காரணம். அமைதியான அறையில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒருவரோடு மட்டும் பேசிப் பழகி, மெதுவாகக் கூட்டினால் நிலைக்கும்.

அந்த அன்பில் அவமானப்பட ஒன்றுமில்லை. நாற்பது, ஐம்பது வருடம் கூடவே இருந்து பேசிய ஆள் போன பிறகு, பேச ஒரு ஆள் வேண்டும் என்று தேடுவது அவருக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ‘இந்த வயசுல இது தேவையா’ என்ற ஒரு வார்த்தை வீட்டில் விழுந்தால், அப்பா இனி ரகசியமாகப் பேசுவார், ரகசியமாகப் பணம் அனுப்புவார்.

பணத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு தடவை படிப்புக்குக் கொடுத்தது உதவி. கவலைப்பட வேண்டியது, தொகை ஒவ்வொரு முறையும் ஏறுவது, ‘இன்னிக்கே வேணும்’ என்ற அவசரம், ‘வீட்ல சொல்லாதீங்க’ என்ற நிபந்தனை. மூன்றில் இரண்டு இருந்தால் குடும்பத்தில் அப்பா மதிக்கும் ஒருவர் பேச வேண்டும், மருமகள் அல்ல. அப்பாவிடம் ‘உங்க பணம், உங்க இஷ்டம். மாசத்துக்கு இவ்வளவுன்னு நீங்களே ஒரு வரம்பு வெச்சுக்குங்க, அதுக்கு மேல போனா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்று கேளுங்கள். பாஸ்புக்கைப் பிடுங்கினால் பணம் நிற்கும், அப்பாவும் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அந்தப் பெண்மணியை ஒரு தடவை குடும்பத்தோடு வீட்டுக்கு அழையுங்கள். நல்லெண்ணம் உள்ளவர் என்றால் வருவார்.

கேள்வி: கணவரின் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன், 24 வயது. அம்மா இல்லை, அப்பாவோடு ஒட்டுதல் இல்லை. என்னைச் ‘சித்தி’ என்று கூப்பிட்டுத் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசுகிறான். பாசமான பிள்ளை. ஆனால் என் வேலை கெடுகிறது. போனை எடுக்காவிட்டால் மனது அடித்துக்கொள்கிறது. அவனை நோகடிக்காமல் குறைப்பது எப்படி?

பதில்: தினமும் எடுப்பதைவிட, சில நாள் எடுத்துச் சில நாள் விடுவதுதான் அவனை அதிகம் வாட்டும். முதல் கடிதத்துக்குச் சொன்ன நிச்சயமின்மைதான் இங்கேயும். ஆகவே குறையுங்கள், ஆனால் நேரத்தை உறுதியாக்குங்கள். ‘கண்ணா, தினமும் பேச எனக்கு முடியல. புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி, அரை மணி நேரம் உனக்குன்னு வெச்சிருக்கேன். அந்த நேரத்துல நானே கூப்பிடுவேன்.’ கூப்பிடுவது நீங்களாக இருப்பதுதான் முக்கியம். கேட்டு வாங்காமல் கிடைக்கும் பாசம் அவனுக்குப் புதிது. முதல் இரண்டு மூன்று வாரம் மற்ற நாட்களிலும் அழைப்பு வரும், முன்பைவிட அதிகமாகவும் வரலாம். பரிதாபப்பட்டு ஒரு தடவை எடுத்தாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். ‘புதன்கிழமை பேசுவோம்பா’ என்று ஒரு வரி மட்டும் அனுப்புங்கள். அவசரம் என்றால் ‘அவசரம்’ என்று எழுதச் சொல்லுங்கள், அப்போது மட்டும் உடனே எடுங்கள்.

‘நான் உனக்கு அம்மா மாதிரி’ என்று சொல்லாதீர்கள். நாளைக்கு உங்களால் அந்த இடத்தை நிரப்ப முடியாதபோது அவன் இரண்டாவது தடவை அம்மாவை இழப்பான். சித்தியாகவே இருங்கள். அந்த அரை மணியில் அவன் சொல்வதைக் கேட்பதோடு, இன்னும் இரண்டு மூன்று பேரை அவன் வாழ்க்கைக்குள் கொண்டுவர வழி செய்யுங்கள். உங்கள் கணவரிடம் போனைக் கொடுங்கள். அவன் வயதுப் பிள்ளைகள் குடும்பத்தில் யாராவது இருந்தால் கோர்த்துவிடுங்கள். அவனிடம் உதவியும் கேளுங்கள். ஏதாவது ஃபாரம் நிரப்ப, போனில் ஒரு செட்டிங் மாற்ற, ஒரு தகவல் விசாரித்துச் சொல்ல. பாசத்துக்காக ஏங்குகிற பிள்ளைக்குத் தன்னாலும் ஒருவருக்கு உபயோகம் உண்டு என்று தெரிவது பெரிய விஷயம். அம்மா இறந்து எவ்வளவு காலமாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதை அவனிடமே கேளுங்கள். அம்மாவைப் பற்றி அவனிடம் யாரும் பேசுவதே இல்லை என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.